ரயில் சக்கரங்களும் எல் நினோவும்

பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில், நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் பழைய ரயில் சக்கரங்கள் கிடக்கின்றன. ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில். தண்டவாளங்களில் ஓடித் தேய்ந்து, இனி உதவாது என்று கழிக்கப்பட்டவை. எந்தக் கப்பலும் கவிழ்ந்து அவை அங்கே போய்ச் சேரவில்லை. 1984ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இடம் பார்த்து, ஆழம் அளந்து, இரண்டு டன் எடையளவில் கட்டுக்கட்டாக மனிதர்கள் இறக்கியவை. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு கயிறு மேலே சென்றது. கயிற்றின் மறுநுனியில், கடற்பரப்பில், ஒரு மிதவை ஆடிக்கொண்டிருந்தது.

மிதவை புதிய பொருள் அன்று. துறைமுகத்துக்குள் நுழையும் வழியைக் காட்டவும், நீருக்குள் மறைந்திருக்கும் பாறையை எச்சரிக்கவும் அது நூற்றாண்டுகளாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. ஆனால் கருவிகளைச் சுமந்து, காற்றையும் நீரையும் அளந்து, அளந்ததைத் தானே கரைக்குச் சொல்லும் மிதவை இருபதாம் நூற்றாண்டின் படைப்பு. அதற்கு முன் அவ்வேலையைக் கப்பல்களே செய்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வட அட்லாண்டிக்கில், சரக்கும் இன்றிப் பயணியும் இன்றி, குறித்த ஓரிடத்தில் நின்று வானிலையைப் பதிவு செய்வதற்கென்றே கப்பல்கள் இருந்தன. அவற்றுள் எஞ்சி நின்ற கடைசிக் கப்பல், நார்வேயின் போலார்ஃப்ரண்ட், 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலக்கப்பட்டது. மிதவைக்குச் சம்பளம் வேண்டாம், சோறு வேண்டாம், புயலில் அதற்கு வாந்தி வராது. ஆயினும் அதற்கும் ஒரு பசி உண்டு. அந்தப் பசியைக் கணக்கில் வைக்காமல் மிதவையின் வரலாற்றை எழுத முடியாது என்பது என் எண்ணம்.

வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்றால், தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்கலாம். 1876இல் சென்னை மாகாணத்திலும் தக்காணத்திலும் மழை பொய்த்தது, 1877இலும் பொய்த்தது. அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மாண்ட அப்பஞ்சத்தில் காலனி ஆட்சியின் தானிய ஏற்றுமதிக்கும் நிவாரணக் கஞ்சத்தனத்துக்கும் உள்ள பங்கு வேறொரு கட்டுரைக்குரியது. இங்கே நமக்கு வேண்டியது அது எழுப்பிய ஒரு கேள்விதான்: பருவமழை பொய்க்கப்போவதை முன்கூட்டியே அறிய முடியுமா? 1875இல் தொடங்கப்பட்டிருந்த இந்திய வானிலைத் துறையின் தலையில் இக்கேள்வி விழுந்தது. ஹென்றி பிளான்ஃபோர்டு இமயத்துப் பனியின் அளவில் விடை தேடினார். 1904இல் அத்துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் வானிலையாளரே அல்லர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர், பூமராங் எறிவதிலும் அதன் பறத்தலை ஆராய்வதிலும் ஈடுபாடு கொண்டவர். உலகெங்கிலுமிருந்து வந்த காற்றழுத்த, மழை, வெப்பநிலைப் பதிவுகளை அடுக்கி வைத்து, எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று இந்திய எழுத்தர்களின் கையால் கணக்கிட வைத்தார். கணினி இல்லாத காலத்தில் அந்த எழுத்தர்கள் போட்ட கூட்டல் பெருக்கல்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அவர்களின் பெயர்கள் வாக்கரின் பெயரைப்போல் புழக்கத்தில் இல்லை.

அக்கணக்குகளிலிருந்து ஒரு பெரிய ஊஞ்சல் வெளிப்பட்டது. பசிபிக்கின் கிழக்குப் பகுதியில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடற்புறத்தில் இறங்குகிறது; இங்கே ஏறும்போது அங்கே இறங்குகிறது. இதற்குத் ‘தென் அலைவு’ என்று வாக்கர் பெயரிட்டார். ஏன் அப்படி நிகழ்கிறது என்று அவரால் சொல்ல இயலவில்லை. காரணம் கடலில் இருந்தது. கடலைப் பற்றிய அளவைகள் அவரிடம் இல்லை.

இதற்கிடையில் பெரு நாட்டு மீனவர்கள், கிறிஸ்துமஸ் காலத்தில் தங்கள் குளிர்ந்த கடலில் வந்து சேரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தைக் குழந்தை ஏசுவின் பெயரால் ‘எல் நினோ’ என்று அழைத்துவந்தனர். வாக்கரின் ஊஞ்சலும் பெரு மீனவரின் வெந்நீரும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதை 1969இல் யாக்கோப் பியர்க்னெஸ் விளக்கினார். வழக்கமான ஆண்டுகளில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் காற்று, சூடான மேல்நீரை இந்தோனேசியப் பக்கம் ஒதுக்கி வைக்கிறது. காற்று தளர்ந்தால் அந்நீர் கிழக்கே திரும்புகிறது. நீர் திரும்பினால் மழைமேகங்களும் இடம் மாறுகின்றன. காற்று மேலும் தளர்கிறது. ஒன்றை மற்றொன்று தூண்டிக்கொண்டே போகும் சுழற்சி இது. வாக்கர் 1958இல் காலமாகிவிட்டிருந்தார். அந்தக் காற்றோட்டத்துக்கு அவர் பெயரையே பியர்க்னெஸ் சூட்டினார்.

கோட்பாடு கிடைத்துவிட்டது. கண் கிடைக்கவில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்பது 1982இல் தெரிந்தது.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் பசிபிக்கின் மையத்தில் நீர் சூடாகத் தொடங்கியது. முந்தைய எல் நினோக்களைக் கொண்டு அறிஞர்கள் வரைந்து வைத்திருந்த பாடத்தின்படி சூடு முதலில் தென்னமெரிக்கக் கரையில், ஆண்டின் முற்பகுதியில் தோன்றவேண்டும். இம்முறை அப்படித் தோன்றவில்லை. ஆகவே இது எல் நினோ அன்று என்றே பலர் கருதினர். மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்து வளிமண்டலத்தில் பரப்பிய துகள்படலம், செயற்கைக்கோளின் பார்வையை மறைத்தது. கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ந்திருப்பதாக அது காட்டியது. அப்பக்கம் சென்ற சில கப்பல்கள் சரியான வெப்பநிலையைத்தான் அனுப்பின. அவ்வெண்கள் வழமையிலிருந்து மிக விலகியிருந்தமையால், பிழையான பதிவுகள் என்று கணினிகள் அவற்றைத் தள்ளிவிட்டன. இந்த ஒரு செய்தியைப் படித்தபோது நான் சற்று நேரம் மேலே படிக்காமல் இருந்தேன். அளந்தவரும் உண்டு, அளந்ததைச் சொன்னவரும் உண்டு. நம்புவதற்கு வேண்டிய தொடர்ச்சி மட்டும் இல்லை. அந்நூற்றாண்டின் மிக வலிய எல் நினோக்களுள் ஒன்று உச்சத்தை நெருங்கிய பிறகே அது எல் நினோ என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பெருவிலும் ஈக்வடாரிலும் வெள்ளம். ஆஸ்திரேலியாவில் வறட்சி, 1983 பிப்ரவரியில் காட்டுத்தீ. இந்தோனேசியாவிலும் தென்னாப்பிரிக்கப் பகுதிகளிலும் பயிர் கருகியது.

சியாட்டிலில் உள்ள பசிபிக் கடல்சார் சுற்றுச்சூழல் ஆய்வகத்தினர் 1970களிலிருந்தே நிலநடுக்கோட்டில் மிதவைகளை நங்கூரமிட்டுச் சோதித்துவந்தனர். டேவிட் ஹால்பர்ன் அதில் முன்னோடி. அங்கே மிதவையை நிறுத்துவது எளிதன்று. மேல்நீர் மேற்கே ஓடுகிறது. நூறு மீட்டர் ஆழத்தில் வலிய நீரோட்டமொன்று அதற்கு எதிராகக் கிழக்கே ஓடுகிறது. இரண்டு பக்கமும் இழுபடும் கயிறு அறுந்து போகாமல் இருக்க வேண்டும். 1982க்குப் பிறகு அதே ஆய்வகத்தின் ஸ்டான் ஹேய்ஸ் கேட்டதெல்லாம் எளிமையான ஒரு பொருள்: விலை குறைந்தது, நிறையச் செய்யக்கூடியது, காற்றையும் நீரின் வெப்பத்தையும் மட்டும் அளந்தால் போதும், ஆனால் அன்றன்றைக்கே கரைக்குச் சொல்லிவிடவேண்டும். அதுவரை நங்கூரமிட்ட கருவிகளுட் பெரும்பாலானவை தம் பதிவுகளைத் தமக்குள்ளேயே வைத்திருந்தன. பல மாதங்கள் கழித்துக் கப்பல் சென்று எடுத்துவந்த பிறகுதான் கடலுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியவரும். வரலாறு எழுத அது போதும். எச்சரிக்க அது போதாது.

அப்படிப் பிறந்த ‘அட்லஸ்’ மிதவையை நம் சமையலறைப் பொருளொன்றைக் கொண்டு எளிதில் விளக்கலாம். உளுந்து வடையை இரண்டேகால் மீட்டர் குறுக்களவுக்குப் பெரிதாக்கினால் எப்படியிருக்குமோ அப்படி, நடுவில் துளையுடன், நுரைப்பொருளின் மேல் கண்ணாடியிழை பூசிய வளையம். அதன் மேல் ஒரு சிறு கோபுரம். கோபுரத்தில் காற்றுமானி, வெப்பமானி, ஈரப்பதமானி. வளையத்தின் அடியில் எஃகுக் கம்பிவடம். அதில் 500 மீட்டர் ஆழம் வரை பத்து இடங்களில் வெப்பநிலை உணரிகள். அதற்குக் கீழே நைலான் கயிறு. கயிற்றின் நீளத்தைக் கடலின் ஆழத்தைவிடச் சற்றுக் குறைவாக வைப்பார்கள். நைலான் நீண்டு விறைத்து நிற்பதால் மிதவை அதிக தூரம் அலையாது. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ரயில் சக்கரங்கள். ஓராண்டு கழித்துக் கப்பல் வந்து ஒலிக்குறி ஒன்றை நீருக்குள் அனுப்பினால், சக்கரங்களுக்கு மேலே உள்ள கொக்கி திறந்துகொள்ளும். மற்றவை மேலே வந்துவிடும். சக்கரங்கள் அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் அத்தனை சக்கரங்கள்.

முதல் அட்லஸ் 1984 டிசம்பரில் கடலில் இறங்கியது. பத்தாண்டுகளில், 1994 டிசம்பரில், ஏறத்தாழ எழுபது மிதவைகள் கொண்ட அணி நிறைவடைந்தது. வடக்கே 8 பாகை, தெற்கே 8 பாகை. நியூகினிக்கு வடக்கிலிருந்து தென்னமெரிக்காவை நெருங்கும்வரை. அமெரிக்காவுடன் ஜப்பான், பிரான்ஸ் முதலிய நாடுகளும் கைகொடுத்தன. அணியின் நிறைவைக் காண ஹேய்ஸ் இல்லை; அதற்கு முன்பே இறந்துவிட்டார். மைக்கேல் மெக்ஃபேடன் பொறுப்பேற்றிருந்தார். இந்த அளவைகள் யாருக்கும் இலவசமாக, உடனுக்குடன் கிடைக்கும்படி திறந்துவைக்கப்பட்டன என்பதையும் சொல்லவேண்டும். இராணுவ இரகசியங்களின் காலத்தில் அது சிறிய செய்தியன்று.

மூன்றே ஆண்டுகளில் சோதனை வந்தது. 1996 டிசம்பரிலும் 1997 மார்ச்சிலும் மேற்குப் பசிபிக்கில் காற்று திசைமாறிப் பலமாக வீசியதை மிதவைகள் பதிந்தன. சூடான நீர் ஒரு மாபெரும் மெதுவான அலையாக, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல், கிழக்கு நோக்கி நகர்வது மிதவைக்கு மிதவை புலப்பட்டது. அது கடலைக் கடக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அந்த இரண்டு மூன்று மாதங்கள்தாம் மனிதர்களுக்குக் கிடைத்த அவகாசம். அவ்வாண்டு ஜூன் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும் கிழக்குப் பசிபிக்கின் வெப்பநிலை அம்மாதத்துக்குரிய பழைய உச்சத்தை மீறியது. கலிஃபோர்னியாவில் வடிகால்களைச் சீரமைத்தார்கள். பெருவில் வெள்ளத்துக்கு ஆயத்தம் செய்தார்கள். அழிவு நேராமல் இல்லை; பெருமளவு நேர்ந்தது. வெப்பம் எவ்வளவு உயரும் என்பதையும் எந்தக் கணிப்பும் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் 1982இல் போல் உலகம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

இந்தியாவுக்கு மட்டும் 1997 ஒரு புதிரை விட்டுச் சென்றது. அத்தனை வலிய எல் நினோ ஆண்டில் இந்தியப் பருவமழை வழக்கமான அளவுக்குக் குறையாமல் பெய்தது. ஐந்தாண்டு கழித்து, 2002இல், நடுத்தரமான ஓர் எல் நினோவின்போது, வழமையான மழை என்று முன்னறிவிப்பு வந்திருக்க, ஜூலை மாதத்து மழையில் பாதி வராமலே போயிற்று. 1999இல் சஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகதா ஆகியோர் இந்தியப் பெருங்கடலுக்குள்ளேயே கிழக்கும் மேற்கும் மாறிமாறிச் சூடாகும் இருமுனை ஊசலொன்று இருப்பதைச் சுட்டிக்காட்டினர். 1997இல் நம்மைக் காத்தது அதுவா என்பதில் விவாதம் உண்டு. தமிழகத்தின் கதை இன்னும் வேறு. எல் நினோ ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுகிறது. எல் நினோ என்றாலே வறட்சி என்று நாளிதழ்களில் எழுதப்படும் சமன்பாடு நமக்குப் பொருந்துவதில்லை. இவற்றையெல்லாம் தெளிவாக்கவேண்டுமானால் இந்தியப் பெருங்கடலிலும் அணி வேண்டும். நார்வேயின் ஒத்துழைப்புடன் 1990களின் பிற்பகுதியிலேயே சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை இறக்கியிருந்தது. நிலநடுக்கோட்டுப் பகுதிக்கான ‘ராமா’ அணியின் முதல் மிதவைகள், 2004ஆம் ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களில், இந்திய ஆய்வுக்கப்பலான சாகர் கன்யாவிலிருந்து இறங்கின.

நவம்பர் 2004. அடுத்த மாதம் என்ன நேர்ந்தது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை.

அந்த மிதவைகள் ஏன் எச்சரிக்கவில்லை என்ற கேள்வி இயல்பானது. காற்றையும் வெப்பத்தையும் அளக்கும் மிதவைக்கு ஆழிப்பேரலை தெரியாது. ஆழ்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். மிதவை மெல்ல உயர்ந்து மெல்லத் தாழும், அவ்வளவுதான். அதை உணரக் கடலடியில் அழுத்தமானி வேண்டும். தலைக்கு மேலே நிற்கும் நீரின் கனம் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் அறியக்கூடிய கருவி அது. அறிந்ததை ஒலியாக மேலே உள்ள மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். இதை உருவாக்கியதும் அதே சியாட்டில் ஆய்வகந்தான். 2003 நவம்பரில் அலூசியத் தீவுகளருகே 7.8 அளவில் நிலம் நடுங்கியபோது, எழுந்த அலை சிறியது என்று இக்கருவி காட்டியதால் ஹவாயில் மக்களை வெளியேற்றாமல் எச்சரிக்கையைத் திரும்பப் பெற முடிந்தது. ‘ஒன்றுமில்லை’ என்று உறுதியாகச் சொல்லத் தெரிந்த கருவி என்பதே அதன் சிறப்பு. பொய்யாக ஓடவைக்கப்பட்ட மக்கள் அடுத்தமுறை ஓடமாட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று பசிபிக்கில் இத்தகைய மிதவைகள் ஆறு இருந்தன. இந்தியப் பெருங்கடலில் ஒன்றுகூட இல்லை. சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.28க்கு, நாகப்பட்டினத்துக்கு அலை வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமான இடைவெளியில். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். ஹைதராபாதில் எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் திறக்கப்பட்டது.

இனி அந்தப் பசிக்கு வருவோம். மிதவைக்கு ஆண்டுக்கொருமுறை மனிதர் செல்லவேண்டும். சிப்பியும் பாசியும் அப்பும், மின்கலம் தீரும், உணரி தடம்புரளும், கயிறு தேயும். மிதவையின் விலையைவிட, அதைப் பார்த்துவரும் கப்பலின் செலவே பெரிது. இதை யாரும் விழா எடுத்துத் தொடங்கிவைப்பதில்லை. 2004க்குப் பிறகு இந்தோனேசியாவுக்குப் பல நாடுகள் எச்சரிக்கை மிதவைகளை அளித்தன. 2012க்குள் அவை அனைத்தும் செயலிழந்துவிட்டன. 2018 செப்டம்பரில் பாலு நகரை அலை தாக்கியபோதுதான் உலகம் அதைக் கவனித்தது. நிலம் நடுங்கிய சில நிமிடங்களிலேயே அங்கே அலை வந்துவிட்டதால், மிதவைகள் இயங்கியிருந்தாலும் பாலுவுக்குப் பெரிதாக உதவியிரா என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் ஆறாண்டுகள் அவை இல்லாமலிருந்தது யாரையும் உறுத்தவில்லை.

இன்னொரு சிக்கல் மீனிலிருந்து வருகிறது. திறந்த கடலில் மிதக்கும் எதன் நிழலிலும் மீன் கூடும். தென்னை மட்டைகளைக் கட்டிக் கடலில் இறக்கி மீனை வரவழைக்கும் நம் கரையோர மீனவருக்கு இது புதிதன்று. மிதவையைச் சுற்றிச் சூரை மீன் கூட்டமாகச் சேர்கிறது. சூரையைத் தேடிப் பெரிய கப்பல்கள் வருகின்றன. மிதவையில் கயிறு கட்டி நிற்கிறார்கள். வலை சிக்கினால் வடத்தை அறுக்கிறார்கள். மின்கலத்தையும் சூரியத் தகட்டையும் கழற்றிப் போகிறவர்களும் உண்டு. தரவு மிதவையின் ஒரு கடல்மைல் சுற்றளவில் மீன்பிடிக்கக்கூடாது என்று இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையம் 2011இல் விதி செய்தது. நடுக்கடலில் அதைக் காவல் காப்பவர் யார் என்பது வேறு விஷயம். மீனவரைக் குற்றம் சொல்வது எளிது. புயல் வருமுன் கரை திரும்பு என்று அவருக்குச் சொல்லும் செய்தியில் அந்த மிதவையின் எண்களும் சேர்ந்திருக்கின்றன என்பதை, அவர் மொழியில், அவர் குப்பத்துக்கே சென்று சொல்லியிருக்கிறோமா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. ராமா அணியின் மேற்குப் பகுதியோ சோமாலியக் கடற்கொள்ளையர்களால் பல ஆண்டுகள் தாமதப்பட்டது.

ஆனால் பசிபிக் அணிக்கு நேர்ந்ததற்கு மீனவரும் காரணரல்லர், கொள்ளையரும் அல்லர். கைமிமோவானா என்ற கப்பல், சோவியத் நீர்மூழ்கிகளின் ஓசையை ஒட்டுக்கேட்பதற்காகக் கட்டப்பட்டு, பனிப்போர் முடிந்தபின் 1996இலிருந்து மிதவைகளைப் பேணும் பணிக்கு வந்தது. ‘கடலைத் தேடுபவள்’ என்று ஹவாய் மொழியில் பொருள். 2012இல் சிக்கனம் கருதி அதை நிறுத்தினார்கள். மாற்றுக் கப்பல் ஏற்பாடு செய்யப்படவில்லை. ஓராண்டு தாங்கும்படி செய்த மிதவைகள் அதற்கு மேல் காத்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக மௌனமாயின. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அணியிலிருந்து வரவேண்டிய அளவைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் வந்துகொண்டிருந்தது. ஜப்பானும் மேற்கிலிருந்த தன் மிதவைகளைப் படிப்படியாக விலக்கிக்கொண்டிருந்தது. தானே மூழ்கித் தானே எழும் ஆர்கோ மிதவைகள் அதற்குள் உலகக் கடல்களில் ஆயிரக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தமையால் இருள் முழுமையாகக் கவியவில்லை. ஆனால் அவை காற்றை அளப்பதில்லை; ஓரிடத்தில் நிற்பதுமில்லை.

அதே 2014இன் வசந்தத்தில் மேற்குப் பசிபிக்கிலிருந்து சூடான நீரலை ஒன்று கிழக்கே புறப்பட்டது. 1997ஐ ஒத்த எல் நினோ வருகிறது என்று கணிப்புகள் வந்தன, அது வரவில்லை. அடுத்த ஆண்டு வந்தது. வாடகைக்கு அமர்த்திய கப்பல்கள் அதற்குள் புதிய மிதவைகளையும் புதிய நங்கூரங்களையும் ஏற்றிக்கொண்டு சென்று, அளவைகளை மீண்டும் 80 விழுக்காட்டை ஒட்டிய நிலைக்குக் கொண்டுவந்திருந்தன.